சாவிக்கு முன்னால் வயது: சைகோனில் தனியாகப் பத்து நாள்

சந்துக்குள் ஒரு சந்து. அதற்குள் நான்கு மாடி உயர்ந்து நிற்கும் ஒல்லியான வீடு. கீழே வீட்டுக்காரர்கள், மேலே வாடகை அறைகள். வீட்டுக்கார அம்மா என் பாஸ்போர்ட்டை வாங்கியதும் முதலில் பார்த்தது பெயரை இல்லை, பிறந்த ஆண்டை. 1987. விரல்களில் ஏதோ எண்ணிவிட்டு, கைப்பேசியில் ஒரு சொல்லை மொழிபெயர்த்துக் காட்டினார்: பூனை. வியட்நாமியரின் பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில், சீனர்கள் முயலை வைத்திருக்கும் இடத்தில் பூனை இருக்கிறது. அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டு "ச்சி" என்றார். என்னைக் காட்டி "எம்" என்றார். அக்கா, தங்கை. உறவு முடிவான பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

வியட்நாமின் சைகோனுக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. போவதற்கு முன் நான் படித்த குறிப்புகளெல்லாம் திருட்டு, டாக்சி, போக்குவரத்து என்றே பேசின. அவையும் தேவைதான், கீழே சொல்கிறேன். ஆனால் வியட்நாமிய மொழியில் நம் 'நீ', 'நீங்கள்' போல எல்லோருக்கும் பொதுவாக, இயல்பாகச் சொல்லக்கூடிய ஒரு சொல் கிடையாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எதிரே நிற்பவர் அண்ணனா, அக்காவா, தம்பி தங்கையா, அத்தையா, சித்தப்பாவா, பாட்டியா என்று முடிவு செய்யாமல் ஒரு வாக்கியம்கூட ஓடாது. 'நான்' என்பதும் அப்படித்தான். அக்காவிடம் பேசும்போது நான் 'எம்', பெட்டிக்கடைத் தம்பியிடம் பேசும்போது அதே நான் 'ச்சி'. அதனால்தான் பார்த்த இரண்டாவது நிமிடமே வயதைக் கேட்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது அத்துமீறலாகத் தோன்றுகிறது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரை அண்ணே என்றும், காய்கறிக்காரரை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இதில் புரியாமல் போக எதுவும் இல்லை.

எனவே விமானம் ஏறுவதற்கு முன் ஐந்தாறு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்களைவிடச் சற்று மூத்த ஆண் என்றால் 'ஆன்', பெண் என்றால் 'ச்சி'. சற்று இளையவர் என்றால் ஆணானாலும் பெண்ணானாலும் 'எம்'. அம்மா வயதுப் பெண் 'கோ', அப்பா வயது ஆண் 'ச்சூ', பாட்டி 'பா', தாத்தா 'ஓங்'. 'கோ' என்பது அப்பாவின் சகோதரி, 'ச்சூ' அப்பாவின் தம்பி. அம்மா வழிச் சித்திக்கும் மாமாவுக்கும் வேறு சொற்கள் இருக்கின்றன. அத்தையையும் சித்தியையும் ஒரே சொல்லில் அடைக்காத மொழி என்று தெரிந்ததும் எனக்கு அதன் மேல் தனிப் பாசம் வந்துவிட்டது. கூப்பிடுவதற்குச் சொல்லோடு 'ஒய்' சேர்க்க வேண்டும்: "ச்சி ஒய்", "எம் ஒய்". நம் காதில் 'ஓய்' என்பது அதட்டல் போல விழும். அங்கே அது அன்பான விளி, தயங்காமல் சொல்லலாம். பெரியவர்களுக்குப் பதில் சொல்லும்போது முன்னால் ஒரு 'யா' போட்டுக்கொள்ளுங்கள், அது 'சரிங்க' என்பதில் இருக்கும் 'ங்க'.

என் வீட்டுக்கார அக்காவைச் சந்து முழுக்க 'ச்சி ஹாய்' என்று கூப்பிட்டார்கள். 'ஹாய்' என்றால் இரண்டு. ஆனால் அவர்தான் வீட்டுக்கு மூத்த பெண். வியட்நாமின் தெற்கில் தலைப்பிள்ளையை இரண்டு என்றுதான் எண்ணத் தொடங்குகிறார்கள், அடுத்த பிள்ளை மூன்று. இதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள், எதையும் நான் அறுதியாகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாளிலிருந்து நானும் "ச்சி ஹாய் ஒய்" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தேன். சுடுதண்ணீர் கேட்பதற்குக்கூட அப்படித்தான்.

வயதுக்கு அடுத்த கேள்வி கல்யாணம். தனியாக வந்த பெண்ணிடம் இதைக் கேட்காதவர்களே இல்லை எனலாம். இதற்கு 'இல்லை' என்று பதில் சொல்வது அந்த மொழியிலேயே பொருந்தாது. கேள்வியே 'ஆயிற்றா, இன்னும் இல்லையா' என்ற வடிவில்தான் வரும். பதில் ஒன்று 'ரோய்', ஆயிற்று. அல்லது 'ச்சுவா', இன்னும் இல்லை. எழுபது வயதானாலும் 'இன்னும் இல்லை'தான். சிரித்தபடி "ச்சுவா" என்று சொன்னால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. சாப்பாட்டுக்கும் இதே கேள்விதான்: "அன் கோம் ச்சுவா?" சோறு சாப்பிட்டாச்சா? நம்மைப் போலவே அதை நலம் விசாரிப்பாகவும் சொல்கிறார்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். இணையத்திலேயே மின்விசா எடுத்துவிடலாம். ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். அரசின் சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றம் கொண்ட இடைத்தரகர் தளங்கள் பல மடங்கு கேட்கின்றன. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள், முதல் பெயர் கடைசிப் பெயர் குழப்பம் நம்மவர்களுக்குத்தான் அதிகம். தான் சொன் நியட் விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான். வாசலிலேயே வழிமறித்துக் கூப்பிடுகிறவர்களோடு போகாமல் கிராப் செயலியில் வண்டி அழைத்தால் கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் இரவு, தூக்கக் கலக்கத்தில், நான் அப்படி ஒருவரோடு போய் மூன்று மடங்கு கொடுத்தேன்.

பணம் எண்ணுவதற்கு ஒரு நாள் பழக வேண்டும். நான் போனபோது ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங். எல்லாமே ஆயிரங்களில் இருப்பதால் ஆயிரத்தைச் சொல்லாமலே விலை சொல்வார்கள், 'இருபது' என்றால் 20,000. எல்லாத் தாளிலும் நாட்டின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் முகம்தான். 20,000 தாளும் 5,00,000 தாளும் இரண்டும் நீலச் சாயல். மூன்றாம் நாள் காலை நடைபாதையில் காபி குடித்துவிட்டு ஒரு நீலத் தாளைக் கொடுத்துக் கிளம்பினேன். பத்தடி போவதற்குள் பின்னால் "ச்சி ஒய்! ச்சி ஒய்!" என்று குரல். காபி போட்டுக் கொடுத்த பெண் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்து ஐந்து லட்சம் தாளை என் கையில் திணித்தாள். இருபதை எடுத்துக் கொடுத்தேன். அவள் அன்றைக்கு விற்கக்கூடிய இருபத்தைந்து காபியின் விலை அது. அன்றிலிருந்து பத்தாம் நாள் வரை அவளிடம்தான் காபி. நீங்கள் பெரிய தாள்களைப் பணப்பையின் வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி எழுதும் முறை தெரிந்தால் பாதி ஊர் தெரிந்த மாதிரி. 42/15/3 என்று இருந்தால், பெருந்தெருவில் 42ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் பிரியும் சந்து, அதற்குள் 15ஆம் எண்ணில் பிரியும் இன்னொரு சந்து, அதில் 3ஆம் எண் வீடு. சந்துக்கு 'ஹெம்' என்று பெயர். நகரம் உண்மையில் வாழ்வது ஹெம்களில்தான். காலை ஆறு மணிக்கு வாசலில் ஒரு பாட்டி ஒட்டரிசிச் சோறு விற்பார், பத்து மணிக்கு அதே இடத்தில் முடி வெட்டுவார்கள், மதியம் அங்கேயே ஒருவர் ஏணைக் கட்டிலில் தூங்குவார். அறை எடுக்கும்போது பெருந்தெருவைவிட ஹெம்முக்குள் எடுங்கள். வண்டி இரைச்சல் குறைவு, நள்ளிரவில் திரும்பினாலும் யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பூய் வியன் தெருவின் இசைக் கூச்சலைப் பார்க்க ஒரு மாலை போதும், அங்கே தங்க வேண்டாம். இன்னொன்று: 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாவட்டம் என்ற நிர்வாக அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் இன்னும் 'முதல் மாவட்டம்', 'மூன்றாம் மாவட்டம்' என்றுதான் வழி சொல்கிறார்கள். ஊரின் பெயரும் அப்படித்தான். 1976இல் ஹோ சி மின் நகரம் ஆனது, பேச்சில் சைகோனாகவே இருக்கிறது.

சாலையைக் கடப்பது பற்றிப் பயமுறுத்தாதவர்கள் இல்லை. 70 லட்சத்துக்கும் மேல் இருசக்கர வண்டிகள் ஓடும் ஊர். முதல் நாள் பென் தான் சந்தை முன்னால் கால் மணி நேரம் நின்றேன், இடைவெளியே வரவில்லை. அங்கே இடைவெளிக்குக் காத்திருக்கக் கூடாது என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒரு கையைச் சற்றுத் தாழ்த்தி நீட்டிக்கொண்டு, ஒரே சீரான மெதுவான நடையில் இறங்கிவிட வேண்டும். வண்டிக்காரர்கள் உங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்று கணித்து இருபுறமும் விலகிப் போவார்கள். நீங்கள் செய்யக் கூடாதவை இரண்டு: ஓடுவது, பின்வாங்குவது. இரண்டுமே அவர்கள் கணக்கைக் கலைத்துவிடும். பேருந்துக்கும் காருக்கும் மட்டும் இது பொருந்தாது, அவை வரும்போது நின்றுவிடுங்கள். நம் ஊரில் சாலையைக் கடந்து பழகியவர்கள்கூட இங்கே ஒருமுறை உள்ளூர்ப் பாட்டி ஒருவரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஆற்றில் இறங்குவது போல இறங்குவார். நான் பின்னால் வருவதைப் பார்த்ததும் ஒரு பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடந்து முடிந்ததும் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் வழியே போனார்.

நீங்களே வண்டி வாடகைக்கு எடுக்காதீர்கள். 'செ ஓம்' போதும். வண்டியின் பின்னால் உட்கார்த்திக் கொண்டுபோய் விடும் ஆட்களுக்கு அந்தப் பெயர், ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு போகும் வண்டி என்று பொருள். செயலியில் அழைத்தால் தலைக்கவசமும் கொண்டுவருவார்கள். 2024 டிசம்பர் 22இல் முதல் மெட்ரோ தடமும் திறந்துவிட்டது, பென் தானிலிருந்து சுவோய் தியன் வரை. வெயில் நேரத்தில் அதில் ஏறிக் கடைசி வரை போய் வந்தேன்.

இனி சாப்பாடு. நான் சைவம். இதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது, இதுதான் கடைசியில் மிக எளிதாகவும் இருந்தது. 'அன் ச்சாய்' என்ற இரண்டு சொல் போதும், சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இதை ஏதோ விருப்பு வெறுப்பாகப் பார்க்காமல் விரதமாகப் பார்க்கிறார்கள், உடனே குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். 'ச்சாய்' என்று பலகை வைத்த கடைகள் ஏறக்குறைய எல்லாப் பகுதியிலும் உண்டு. புத்த மதத்தவர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும், சைவம்தான். நம் வீடுகளின் அமாவாசைச் சமையல் போல. அந்த நாட்களில் வழக்கமாக மாமிசம் விற்கும் தள்ளுவண்டிகள் சிலவும் சைவத்துக்கு மாறும். நான் இருந்த பத்து நாளில் ஒரு பௌர்ணமி வந்தது. சந்தையே பூவும் பழமும் டோஃபூவுமாக மாறியிருந்தது. அக்கா மேலே ஏறி வந்து, ஒரு கிண்ணம் காளான் குழம்பும் சோறும் வைத்துவிட்டுப் போனார்.

'ச்சாய்' பலகை இல்லாத கடையில் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் என்று சொன்னாலும் அதில் நுவோக் மாம் இருக்கும், மீனை உப்பில் ஊறவைத்து இறக்கும் சாறு. அவர்களுக்கு அது நம் உப்பு, புளி மாதிரி, தனியாக மீன் சேர்த்ததாகவே நினைக்க மாட்டார்கள். "கோங் நுவோக் மாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கோங் என்றால் இல்லை, வேண்டாம். ஃபோ, ஹூ தியூ என்ற நூடுல்ஸ் சூப்புகள், பான் மீ என்ற ரொட்டிச் சாண்ட்விச், எல்லாவற்றுக்கும் சைவ வடிவம் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் போனது கோம் தாம் கடைக்கு. அரிசி குத்தும்போது உடையும் குருணையைச் சோறாக்கியது அது. விற்க முடியாத உடைசல் என்று ஏழைகள் வீட்டில் வைத்துக்கொண்டது, இன்று சைகோனின் அடையாள உணவு. எல்லோரும் அதை வாட்டிய பன்றி இறைச்சியோடு சாப்பிடுவார்கள். எனக்கு வறுத்த டோஃபூவும் ஊறுகாய்க் கேரட்டும் வைத்துத் தந்தார்கள். நொய்க் கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சோற்றின் பதம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுகிறவர்கள் கவலையை விடலாம். முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகள், தெருவைப் பார்த்தபடி வரிசையாக. பாதிப் பேர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். காபி சொட்டுச் சொட்டாக இறங்கப் பத்து நிமிடம், ஐஸ் கரைய அரை மணி. அதன் கூடவே குளிர்ந்த தேநீர், 'ட்ரா டா', கேட்காமலே நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், காசு கிடையாது. மேசையில் வைக்கும் ஈரக் கைத்துண்டுக்குச் சில கடைகளில் இரண்டு மூன்று ஆயிரம் கணக்கில் ஏறும், வேண்டாம் என்றால் பிரிக்காமல் விடுங்கள். நடைபாதைகளில் வீட்டுக்காரர்கள் ட்ரா டா நிரப்பிய பெரிய கலன்களைக் குழாயோடு வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். வழிப்போக்கர்களுக்கும் லாட்டரிச் சீட்டு விற்பவர்களுக்கும் செ ஓம் ஓட்டுநர்களுக்கும் இலவசம். சித்திரை வெயிலில் நாம் வைக்கும் தண்ணீர்ப் பந்தலேதான், ஆண்டு முழுவதும். குழாய்த் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள்.

பேரம் பேசுவதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காலை முதல் வியாபாரத்துக்கு 'மோ ஹாங்' என்று பெயர். நம் போணி. முதல் வாடிக்கையாளர் கறாராகப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் அன்று முழுதும் கடை மந்தம் என்று நம்புகிறார்கள். அதனால் பென் தான் சந்தைக்குக் காலையில் சும்மா விலை கேட்கப் போகாதீர்கள், வாங்குவது உறுதி என்றால் மட்டும் போங்கள். போணி நேரத்தில் நியாயமான விலைக்குச் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள், இது இருவருக்கும் நல்லது. மற்ற நேரத்தில் "மாக் வா", ரொம்ப அதிகம், என்று சிரித்தபடி சொல்லலாம். குரல் உயர்த்தினால் அதோடு பேச்சு முடிந்தது. பணத்தை இரண்டு கையாலும் கொடுப்பது பெரியவர்களிடம் நன்றாக எடுபடும்.

பெண்ணாகத் தனியே நடப்பதில் பயமா என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். உற்றுப் பார்ப்பது, பின்தொடர்வது போன்ற தொல்லைகள் எனக்கு அங்கே நேரவில்லை. இரவு பதினொன்றுக்கும் பெண்கள் தனியாக வண்டியில் போகிறார்கள், நடைபாதையில் சாப்பிடுகிறார்கள். ஆபத்து வேறு வகை: வண்டியில் வந்து பறிப்பது. சாலை ஓரத்தில் நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் நடைபாதையை உரசிக்கொண்டு வந்தார். கைப்பேசியில் அவர் விரல் பட்டது, பிடி இறுக்கமாக இருந்ததால் தப்பியது. கை நடுக்கம் அடங்க நேரமாயிற்று. பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த அத்தை என்னைச் சுவர்ப் பக்கம் இழுத்து உட்கார வைத்து, பையைக் குறுக்காக மாட்டி, சாலைக்கு எதிர்ப்புறம் திருப்பிக் காட்டினார். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். வரைபடம் பார்க்க வேண்டும் என்றால் ஒரு கடைக்குள் போய்ப் பாருங்கள்.

போர் நினைவு அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள், அன்று மாலைக்கு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். 1961 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் காடுகள் மேலும் வயல்கள் மேலும் தூவிய களைக்கொல்லி, அதில் கலந்திருந்த டயாக்சின் என்ற நஞ்சு, அதன் பின் பிறந்த குழந்தைகள். அந்த அறையில் பேச்சே எழவில்லை. வெளியே வந்து யாரிடமும் 'உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்' என்று கேட்காதீர்கள். வடக்குப் படை சைகோனைப் பிடித்துப் போர் முடிந்த 1975 ஏப்ரல் 30 சிலருக்கு விடுதலை நாள், தெற்கில் சிலருக்கு வீட்டை இழந்த நாள். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். அக்காவின் கூடத்தில் இளவயது ராணுவ உடுப்பில் ஒரு படம் இருந்தது. அது எந்தப் படை என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஏழாம் நாள் அவரே படத்தைக் காட்டி "ச்சூ" என்றார். சித்தப்பா. அதற்கு மேல் சொல்லவில்லை. ஊதுவத்தி ஏற்றிக் கொடுத்தார், வைத்தேன்.

பென் தான் சந்தையிலிருந்து சற்று நடந்தால் துரோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த தமிழர்கள் கட்டியது. செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசலும் அதே மையப் பகுதியில்தான் இருக்கின்றன. 1975க்குப் பின் தமிழர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள், மாரியம்மனை விட்டுவிட்டு. கோயில் வெறிச்சோடிப் போகவில்லை. வியட்நாமியரும் சீனருமாகக் கூட்டம். 'இந்திய அம்மன் கோயில்' என்று அழைக்கிறார்கள். பக்கத்தில் மதுரை வீரனும் பேச்சியம்மனும். கை நிறைய ஊதுவத்தியோடு சுற்றி வந்து, பின் சுவரில் நெற்றியை வைத்து, வேண்டுதலைச் சுவரிடம் முணுமுணுக்கிறார்கள். என் முறை வந்தபோது நானும் நெற்றியை வைத்தேன், கல் சில்லென்று இருந்தது. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது மழை. மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் இப்படித்தான் முன்னறிவிப்பில்லாமல் கொட்டும். வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஓரம் கட்டின, இருக்கைக்கு அடியிலிருந்து வண்ண வண்ண மழைக்கோட்டுகள் வெளியே வந்தன. நான் கோயில் வாசல் கூரைக்கடியில் ஒதுங்கினேன். பூ விற்றுக்கொண்டிருந்த பாட்டி தன் முக்காலியில் பாதி இடம் விட்டு நகர்ந்தார், வயதைக் கேட்டார். சொன்னேன். கல்யாணம்? "ச்சுவா, பா." சாப்பிட்டாயா? மணி மூன்றாகியிருந்தது. "ச்சுவா" என்றேன். மடியிலிருந்து வாழையிலைப் பொதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதில் தேங்காய்ப்பால் மணக்கும் ஒட்டரிசியும் வாழைப்பழமும் இருந்தன.